இல்லாத மூன்று பம்புகள்

ஜனவரி 12

தம்பி,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் உன் டூல்பாக்ஸை என் பேனல் அறையிலிருந்து எடு. இரண்டு மாதமாக வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அதன்மேல் மரக் கைப்பிடி போட்ட கறுப்புக் குடை வேறு. நேற்று சோடாபுட்டி அதில் தடுக்கி விழப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினால் பம்ப் எது, நான் எது என்று தெரியாத மனிதர் என்பது உனக்குத் தெரியும். ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போது என் ஃபிட்டருக்குக் கால் உடைய வேண்டுமா?

போன் செய்தால் அணைத்து வைத்திருக்கிறாய். உன் கம்பெனியில் கேட்டால், "லீவுல இருக்காருங்க" என்கிறார்கள். போன வாரம் இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவர் வீட்டுக்கு வந்து ஒரு தபால்பெட்டி எண்ணைக் கொடுத்தார். "உங்க தம்பி பயிற்சியில இருக்காரு. போன் கிடையாது. எழுதணும்னா இதுக்கு எழுதுங்க."

"என்ன பயிற்சி?"

"பயிற்சிதாங்க."

"நாப்பத்தாறு வயசுல என்ன பயிற்சி, நீச்சலா?"

மனிதர் சிரிக்கவில்லை. காப்பியும் குடிக்கவில்லை.

இன்னொன்று. மூன்று வருடமாகச் சொல்கிறேன், அந்த மூன்று பம்புகளை ஸ்கிரீனிலிருந்து அழி. என் நீரேற்று நிலையத்தில் இருப்பவை ஐந்து பம்புகள். ஸ்கிரீனில் ஓடுபவை எட்டு. வெளிநாட்டு நிலையத்தில் போட்டதை அப்படியே இங்கே கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனாய். பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரனைப் பார்த்து எழுதுகிறவன், அவனுடைய பதிவெண்ணையும் சேர்த்து எழுதினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. நேற்று வந்த இன்ஸ்பெக்டர், "ஆறாம் நம்பர் பம்ப்பக் காட்டுங்க" என்றார். கூட்டிக்கொண்டு போய் சைக்கிள் ஷெட்டைக் காட்டினேன்.

சாப்பிடுகிறாயா? உடம்பு எப்படி இருக்கிறது? பதில் போடு, அவசரக்குடுக்கை.

அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் பிரித்துத் திரும்ப ஒட்டப்பட்டு வந்தது. இங்கே எல்லாக் கடிதங்களும் அப்படித்தான். நான் எழுதுவதையும் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். கோபப்படாதே.

நன்றாக இருக்கிறேன். அறையில் கட்டில், மேஜை, திறக்காத ஜன்னல். ஒரு ஸ்க்ரூடிரைவர் வேண்டுமென்றால் மூன்று பேர் கையெழுத்துப் போடவேண்டும். அதற்குள் அந்த ஸ்க்ரூ தானாகக் கழன்று விழுந்துவிடும். எனக்கென்றே ஒரு பம்ப் வாங்கி ஒரு கூடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நான் [இரண்டு வரி வெட்டப்பட்டிருக்கிறது]

ஒன்று மட்டும் சொல்கிறேன். இருபது வருடம் சுவிட்சும் வயரும் மாட்டியவனை இப்போதுதான் நாலு பெரிய மனிதர்கள் உட்காரவைத்துக் கேட்கிறார்கள். "இத உங்களால மட்டும்தான் செய்ய முடியும்" என்கிறார்கள். நீ என்னிடம் அப்படி ஒரு நாளாவது சொல்லியிருக்கிறாயா?

குடையைப் பத்திரமாக வை. அது என்னுடையது அல்ல. [ஒரு சொல் வெட்டப்பட்டிருக்கிறது] ஊர் நிலையத்தில் வேலை பார்த்தபோது அங்கே உன்னைப்போல ஷிஃப்ட் பார்த்த பெரியவர் கொடுத்தது. கொட்டும் மழையில் தலையில் பேப்பரைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஓடிவந்து கையில் திணித்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. திருப்பிக் கொடுக்காமலே வந்துவிட்டேன்.

அந்த மூன்று பம்புகளை வந்ததும் அழிக்கிறேன். சும்மா ஓடிக்கொண்டிருக்கின்றன, யாரையும் கடிக்காது.

தம்பி


பிப்ரவரி 6

தம்பி,

உன் கடிதத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் அதன் ஓட்டை வழியாக எதிர்வீட்டு மாடியில் காயும் துணி தெரிகிறது. இதைப் படிக்கும் கத்தரிக்காரரே, உங்களுக்கும் அக்கா தங்கை இருப்பார்கள். கொஞ்சம் பார்த்து வெட்டுங்கள்.

விளையாட்டு போதும். இரண்டாம் பம்பின் பேரிங் எரிந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை முற்பகலில் சத்தம் மாறியது. பெரிய ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் மூடிமேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே மணலை அரைப்பதுபோல் இருந்தது. கையை வைத்தேன், உள்ளங்கை பொத்துவிட்டது. ஸ்கிரீனைப் பார்த்தால் நாற்பத்தெட்டு டிகிரி, எல்லாம் பச்சை. நிறுத்து, நிறுத்து என்று சோடாபுட்டியிடம் கத்தி, அவர் ஓடி சுவிட்சைப் பிடிப்பதற்குள் புகை வந்துவிட்டது.

பெரிய இன்ஜினியர் வந்தார். "கிரீஸ் வெச்சிருக்க மாட்டீங்கம்மா."

"வெச்சேன் சார். நோட்டுல தேதி இருக்கு."

"ஸ்கிரீன்ல நாப்பத்தெட்டு டிகிரிதானே இருக்கு?"

"பேரிங்ல கைய வெச்சுப் பாத்தேன் சார். இங்க பாருங்க, கொப்புளம்."

"கை ரெக்கார்டு ஆகாதும்மா. ஸ்கிரீன்தான் ரெக்கார்டு."

இருபத்தாறு வருட வேலை, இப்போது என்மேல் விசாரணை வரும்போல் இருக்கிறது. பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கும்போது, தெர்மாமீட்டரில் ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போ என்று விரட்டுகிற கதையாக இருக்கிறது.

அந்த ஸ்கிரீனை மாட்டியவன் நீ. அது பொய் சொல்லுமா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

இல்லை.

நான் போட்ட ஸ்கிரீன் பொய் சொல்லாது. உன் பேரிங் பழசு. இதைப் பெரிய இன்ஜினியரிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார். நான் எதைச் செய்தாலும் அதில் குறை கண்டுபிடிப்பது உனக்குப் பழக்கம். சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துச் சேர்த்தபோதும், பாட்டு வருகிறதா என்று நீ கேட்கவில்லை. மீதி ஸ்க்ரூ ஏன் கையில் இருக்கிறது என்றுதான் கேட்டாய்.

சத்தம் முற்பகலில் மாறியது என்கிறாய். சரியாக எத்தனை மணி? எவ்வளவு நேரம்? மறுநாளும் வந்ததா? மற்ற பம்புகள்? சும்மாதான் கேட்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 22

சும்மா கேட்கிறாயா?

சோடாபுட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். திங்கட்கிழமை நான்காம் பம்பின் கப்ளிங் உடைந்தது. மோட்டாரையும் பம்பையும் சேர்க்கும் அந்த இரும்பு வட்டு, நீதான் அதற்குக் கைகுலுக்கல் என்று பெயர் வைத்தாய். அதன் போல்ட் தெறித்துத் தோள்பட்டையில் பட்டுக் காறை எலும்பு முறிந்துவிட்டது. கண்ணாடி தூள். "அம்மா, நான் கிரீஸ் வெச்சேன்ம்மா, நீங்க பாத்தீங்கல்ல?" என்று தூக்குப் படுக்கையில் போகும்போதும் அதையேதான் கேட்டார். பார்த்தேன் என்று சொன்னேன். பார்த்தேன்தான்.

இப்போது உன் கேள்விகளுக்குப் பதில். ஊரே ஸ்கிரீனை நம்பினாலும் நான் மணிக்கொரு தரம் நோட்டில் கையால் எழுதுகிறேன் என்று கேலி செய்வாயே, அந்த நோட்டிலிருந்து எழுதுகிறேன். தினமும் பதினொன்று பத்துக்கு ஏதாவது ஒரு பம்ப் தறிகெட்டு ஓடுகிறது. இருபது நிமிடம். பிறகு சாதுவாகிவிடுகிறது. அந்த இருபது நிமிடமும் ஸ்கிரீனில் வரும் எண்கள் புதியவை அல்ல. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன்: முந்தின செவ்வாய்க்கிழமை எண்கள், புள்ளிக்குப் பின்னால் வருவதுகூட மாறாமல். இரண்டும் நான்கும் போய்விட்டன. மிச்சம் இருக்கும் மூன்றை வைத்து பாதி ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிறேன். அவற்றிலும் ஒன்றாம் பம்ப் முனக ஆரம்பித்துவிட்டது. அதுவும் போனால் ஆஸ்பத்திரித் தொட்டிக்கு ஏறாது. சோடாபுட்டியின் கட்டில் அந்தத் தொட்டிக்கு நேர் கீழ்மாடியில்.

ஆறு, ஏழு, எட்டு மட்டும் அருமையாக ஓடுகின்றன. சைக்கிள் ஷெட்டுக்கு என்ன குறை?

கோடைக்கு முன்னால் முடி, அங்கே போட்டதையே இங்கே போடு என்று அன்றைக்கு உன்னை விரட்டியதும் நான்தான். அதில்தான் ஏதாவது கோளாறா?

அக்கா


மார்ச் 2

அக்கா,

இதைப் படித்தவுடன் அந்த மூன்று பம்புகளையும் அழித்துவிடு. நாளைக்கு என்று வைக்காதே. பெரிய இன்ஜினியரைக் கேட்காதே.

ஸ்கிரீனின் வலது மூலையில் சாவிப் படம் இருக்கும். தொட்டால் கடவுச்சொல் கேட்கும். உன் முதல் கடிதத்தின் கடைசிச் சொல்தான் அது. நீ திட்டுவதையே வைத்துவிட்டேன். பட்டியல் வரும். எட்டில் தொடங்கு, பிறகு ஏழு, ஆறு. ஒவ்வொன்றுக்கும் 'நிச்சயமா?' என்று கேட்கும். ஆம் என்று அழுத்து. முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துப் போடு.

படிக்கும் ஐயாவுக்கு: இது அக்காவுக்கும் தம்பிக்கும் மூன்று வருடமாக நடக்கும் வீட்டுச் சண்டை. வெட்டவேண்டாம்.

சோடாபுட்டியிடம் [அரை வரி வெட்டப்பட்டிருக்கிறது] என்று சொல்.

தம்பி


மார்ச் 9

தம்பி,

அழித்துவிட்டேன். எட்டு, ஏழு, ஆறு. உன் 'நிச்சயமா?' மூன்று முறையும் என் உயிரை வாங்கியது.

மறுநாள் பதினொன்று பத்துக்கு ஒன்றாம் பம்பின்மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து, இருபது, முப்பது. ஒன்றுமில்லை. தூங்கும் குழந்தையின் மூச்சுபோல ஓடியது.

பிறகுதான் பயம் வந்தது. தெருவில் யாருக்கும் தெரியாத நோய்க்கு, நோயாளியைப் பார்க்காமலே ஒருவர் மருந்து எழுதிக் கொடுக்கிறார், நோய் குணமாகிறது. அவரிடம் என்ன கேட்கத் தோன்றும்? உங்களுக்கு எப்படி ஐயா தெரியும் என்றுதானே?

விசாரணை 24ஆம் தேதி. அறிக்கையை இப்போதே தட்டச்சு செய்து வைத்துவிட்டார்கள். "ஃபிட்டர் கிரீஸ் வைக்கத் தவறியதும், மேற்பார்வையாளர் கவனிக்கத் தவறியதும் காரணம்." அதன் அடியில் நான் கையெழுத்துப் போடவேண்டுமாம். போட்டால் சோடாபுட்டி கடைசி வருடத்தில் குற்றவாளியாக வெளியே போவார். போடாவிட்டால், அப்படியென்றால் வேறு என்ன காரணம் என்று கேட்பார்கள்.

நீ சொல். வேறு என்ன காரணம்?

சுற்றி வளைக்காதே. ரேடியோ கதை எழுதாதே.

அக்கா


மார்ச் 17

அக்கா,

இந்தக் கடிதத்தில் ஓட்டை இருக்காது. இங்கே தலைவலி என்றால் கண் டாக்டரிடம் வேனில் கூட்டிப்போவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தபால்பெட்டி இருக்கிறது. மூன்று நாளாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான்தான் செய்தேன்.

போன வருடம் உளவுத்துறையிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். குடை கொடுத்த பெரியவரின் ஊர் நிலையத்தை நான்தான் அமைத்தேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தண்ணீர்தான் பக்கத்தில் இருக்கும் ஆயுதத் தொழிற்சாலையைக் குளிரவைக்கிறது என்றார். "நாட்டுக்கு ஒரு சின்ன உதவி சார். யாருக்கும் அடிபடாது. மெஷினுக்கு மட்டும் கொஞ்சம் ஜலதோஷம் பிடிக்கணும், அவ்வளவுதான்."

பம்பைத் தறிகெட்டு ஓடவைத்து, ஸ்கிரீனில் பழைய எண்களைக் காட்டும் ஒரு புரோகிராமை எழுதினேன். கம்பெனி எல்லா நிலையங்களுக்கும் அனுப்பும் புதுப்பிப்பில் அதை ஒளித்து வைத்தார்கள். எல்லா இடத்துக்கும் போகும், ஆனால் தூங்கும். எட்டுப் பம்புகள், நான் கொடுத்த வரிசை, இரண்டும் சேர்ந்த இடத்தில் மட்டும் கண் திறக்கும். உலகத்திலேயே அப்படி ஒரு நிலையம்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா நிலையத்தில் ஐந்துதானே என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். ஸ்கிரீனில் எட்டு என்பதை மறந்துவிட்டேன். நான் எழுதியதற்கு ஸ்கிரீன்தான் தெரியும். சைக்கிள் ஷெட் தெரியாது.

நீ விரட்டியதால் அல்ல. நீ அழி என்று மூன்று வருடம் சொன்னாய். நான் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றேன்.

'இல்லை' என்று உனக்கு எழுதிய அன்றே சந்தேகம் வந்துவிட்டது. கைக்குட்டைக்காரரிடம் ஓடினேன். "உங்க அக்கா ஸ்டேஷன்தானே? பரவாயில்ல, வேல செய்யுதுன்னு தெரிஞ்சுபோச்சே" என்றார். அவர்மேல் வந்த கோபத்தைத்தான் உன்மேல் காட்டினேன் என்று சொன்னால் பொய். உண்மையிலேயே உன்மேல்தான் கோபம் வந்தது. நீ சரியாகச் சொன்னதால்.

இந்தக் கடிதத்தை விசாரணையில் கொடு. அடியில் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை எண்ணும் எழுதியிருக்கிறேன். எனக்கு என்ன ஆகும் என்று யோசிக்காதே.

இன்னொன்று, அதை எழுதத்தான் கை வரவில்லை. உன்னிடம் மூன்றை அழித்தால் போதும். அங்கே எட்டும் நிஜம்.

தம்பி


மே 4

தம்பி,

உன் பெட்டி எண் மாறிவிட்டதாகச் சொல்லி, காப்பி குடிக்காத அந்த மனிதர் புது எண் கொடுத்துவிட்டுப் போனார். இந்த இடத்தில் ஜன்னலாவது திறக்குமா? போர்வை கொடுத்தார்களா? உன்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் போர்வையைப் பற்றித்தான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. என்ன பிறவியோ.

விசாரணையில் பதினோரு பேர் இருந்தார்கள். சோடாபுட்டி தோளில் கட்டோடு, இரவல் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தார். உன் கடிதத்தைக் கொடுக்கச் சொன்னாய். நான் கொடுக்கவில்லை. எழுந்து நின்று முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தேன். "அம்மா, உக்காருங்க. அத இங்க குடுங்க" என்றார் பெரிய இன்ஜினியர். நான் 'ஜலதோஷம்' வரைக்கும் வந்திருந்தேன். நிறுத்தவில்லை. முடித்த பிறகு மேஜைமேல் வைத்தேன். சாயங்காலத்துக்குள் உன் ஆட்கள் வந்து கடிதத்தை எடுத்துப் போய்விட்டார்கள். என் நோட்டையும் எடுத்துக்கொண்டார்கள். "இது வெளியில போகக் கூடாதும்மா" என்றார்கள். "பதினோரு பேர் காதுல போயிடுச்சே சார், அதையும் எடுத்துக்கிட்டுப் போறீங்களா?" என்றேன்.

அறிக்கையில் "காரணம் கண்டறியப்படவில்லை" என்று மாற்றிவிட்டார்கள். உண்மை இல்லை, பொய்யும் இல்லை, வழவழ. ஆனால் அதில் சோடாபுட்டி பெயர் இல்லை, என் பெயர் இல்லை. அவர் அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறார். உன் பெயரை மட்டும் எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி. யோசித்து யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

இப்போது குடை.

விசாரணை முடிந்த மறுநாள் உன் டூல்பாக்ஸை நானே நகர்த்தினேன். குடையை எடுத்தபோது கைப்பிடியைச் சுற்றி ஒரு தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பெரியவர் தன் பெயரையும் நிலையத்தின் விலாசத்தையும் ஆங்கில எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். மறதிக்காரர் போலிருக்கிறது, இல்லாவிட்டால் உன்னைப்போல நிறைய பேருக்குக் குடை கொடுத்துப் பழக்கமோ என்னவோ. அங்கே அவருக்கும் ஒரு பெரிய இன்ஜினியர் இருப்பார். கை ரெக்கார்டு ஆகாது என்று சொல்வார். அவருக்கும் ஒரு சோடாபுட்டி இருப்பார்.

அவர் பாஷை எனக்குத் தெரியாது. அதனால் படம் வரைந்தேன். ஒரு பம்ப். அதன்மேல் ஊன்றிய ஸ்க்ரூடிரைவர், பிடியில் ஒரு காது. பக்கத்தில் ஒரு கடிகாரம், பதினொன்று பத்து. அதற்குப் பக்கத்தில் ஸ்கிரீன். அதன் குறுக்கே பெரிதாக ஒரு பெருக்கல் குறி. என் படம் எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். காது ரொட்டி மாதிரி வந்துவிட்டது. அழித்து அழித்து மூன்று முறை வரைந்தேன். அதைக் குடைக்குள் சுருட்டி வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பொருள் என்ன என்று தபால்காரம்மா கேட்டார். "பழைய குடை. திருப்பிக் கொடுக்கிறோம்" என்று எழுதச் சொன்னேன்.

கத்தரிக்காரரே, இந்த இடத்தில் வெட்டுவதாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். பயன் இல்லை. இதை எழுத ஐந்து வாரம் காத்திருந்தேன். ஒப்புகை அட்டை நேற்று திரும்பி வந்துவிட்டது. என்னைத் தேடி வருவதாக இருந்தாலும் வாருங்கள். காலை ஷிஃப்ட்தான், ஒன்றாம் பம்ப் பக்கத்தில் இருப்பேன்.

தம்பி, அந்த அட்டையில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஆனால் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை விழுந்திருக்கிறது. கறுப்பு மை இல்லை. முகர்ந்து பார்த்தேன், கிரீஸ். பேரிங் சூட்டில் உருகிக் கருகிய கிரீஸ்.

பேரிங் மூடியைத் திறந்து பார்த்துவிட்டார்.

அக்கா